வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

கேள்வி: சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். வெம்பக்கோட்டை சாலைப் பக்கம் வீடு கட்ட 4 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். 2014-ல் பிளாட் போட்ட இடம், 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்கிறார் புரோக்கர். வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் சுத்தமாக இருக்கிறது. மனைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பயர் ஆபீஸ் (பட்டாசு ஆலை) உண்டு. "அது சின்ன ஆபீஸ்தான், பயப்படாதீங்க" என்கிறார்கள். டோக்கன் கொடுத்துவிட்டேன். கிரயம் முடிக்கலாமா ஐயா?
(சாத்தூர் வட்டத்து வாசகர்)

பதில்: இப்போதைக்கு முடிக்காதீர்கள். வில்லங்கச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதை மட்டும்தான் காட்டும். கிரயம், அடமானம், தானம் எல்லாம் அதில் வரும். பக்கத்து நிலத்தில் எத்தனை கிலோ வெடிமருந்து இருக்கிறது என்பது வராது. உங்கள் மனையின் பெரிய வில்லங்கம் அதுதான்.

2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, மருந்து கலக்கும், இருப்பு வைக்கும் அறைகளுக்கும் குடியிருப்புக்கும் இடையே பாதுகாப்பு தூரம் விட வேண்டும். தீபாவளிக்குப் போடும் தற்காலிகப் பட்டாசுக் கடைக்கே 50 மீட்டர். ஆலைக்கு ஒரே கணக்கு கிடையாது. மருந்தின் வகையும் அளவும் கூடக்கூட தூரமும் கூடும். ஆகவே டீக்கடையில் சொல்லும் மீட்டர் கணக்கை நம்பாதீர்கள். 'சின்ன ஆபீஸ்' என்ற சொல்லையும்தான். உங்கள் ஊரில் டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று பிரித்துப் பேசுவார்கள். மாவட்ட நிர்வாகம் தரும் முதல் வகைக்கு ஒரு நேரத்தில் 15 கிலோ வரைதான் அனுமதி. மற்றவை பெரியவை. எது என்று தெரியாமல் சின்னது, பெரியது என்று எப்படிச் சொல்ல முடியும்? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில், முதல் வெடிச்சத்தம் கேட்டு ஓடிப்போன அக்கம்பக்கத்துக்காரர்களும் இறந்தார்கள். ஆலையில் வேலை பார்க்காதவர்கள் அவர்கள்.

ஆலை முதலில் வந்தது, நீங்கள் பிறகு வருகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். பாதுகாப்பு தூரத்துக்குள் உங்கள் வீடு எழும்பினால் ஆலை முதலாளியின் உரிமத்துக்கே ஆபத்து. பொதுப் பாதுகாப்புக்காக உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 6இ பிரிவில் இடமிருக்கிறது. அஸ்திவாரம் தோண்டும்போதே அவர் ஆட்சேபணை மனுவோடு நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். விற்றவரைப் பிடிக்கலாமா என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, சாதாரண கவனத்தோடு பார்த்தால் புலப்படாத குறையைத்தான் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆலை கண்ணுக்கு எதிரே நிற்கிறது. 'சொல்லாமல் விற்றார்' என்று வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம்.

செய்ய வேண்டியது இதுதான். மனையின் புல வரைபடம் வாங்குங்கள். சிவகாசியில் உள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். 'ஆலையின் உரிமம் எந்த வகை, என் சர்வே எண் அதன் பாதுகாப்பு தூரத்துக்குள் வருகிறதா' என்று மட்டும் கேளுங்கள். ஆலையின் முழு வரைபடத்தையும் கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்க வாய்ப்புண்டு. 30 நாளில் பதில் வர வேண்டும். அவசரப்படுத்துகிற புரோக்கருக்கு இந்த 30 நாள் பிடிக்காது. பிடிக்காமலே இருக்கட்டும்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' விஷயத்துக்கு வருவோம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும்; பஞ்சாயத்துத் தலைவர் தானாக அங்கீகரிக்க முடியாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் வீட்டுமனை என்றே பதிவான பத்திரம் இருந்தால், அந்த ஒப்புதல் இல்லாமலே மறுபடி கிரயம் பதிவாகிவிடும். பலரும் ஏமாறும் இடம் அது. பத்திரம் பதிவாவது வேறு, கட்ட அனுமதி கிடைப்பது வேறு. 2017-ம் ஆண்டு விதிகளின்படி மனை வரன்முறை செய்யப்பட்ட ஆணையை விற்பவர் கையில் பார்க்காமல் மேற்கொண்டு பணம் தராதீர்கள். 'அப்புறம் நீங்களே வரன்முறை செய்துக்கலாம்' என்றால், செலவும் அலைச்சலும் உங்களுடையவை. விலையில் அதைக் கழித்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

4 சென்ட் என்பது சுமார் 1,742 சதுர அடி. 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் இருந்தால், 2024 ஜூலை முதல் இணையவழியில் சுயசான்று கொடுத்து உடனே அனுமதி வாங்கலாம். வசதிதான். ஆனால் அதிகாரி வந்து பார்த்துச் சொல்லும் முன்னமே உறுதிமொழியில் உங்கள் கையெழுத்து விழுந்துவிடும். அதில் தப்பு இருந்தால் பொறுப்பும் உங்களுக்குத்தான். கடன் தரும் வங்கியின் வக்கீல் பார்ப்பதும் உரிமைப் பத்திரத்தைத்தான், பாதுகாப்பு தூரத்தை இல்லை.

டோக்கன் பணத்துக்கு ரசீதாவது இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே எழுதி வாங்குங்கள். கிரய ஒப்பந்தத்தை 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிப் பெட்டியில் வைப்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து சட்டத்துக்குப் பொருந்தாத பழக்கம். அதைப் பதிவு செய்தாக வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மனை பாதுகாப்பு தூரத்துக்குள் வருவதாகவோ வரன்முறை ஆகவில்லை என்றோ தெரிந்தால், முன்பணம் முழுவதையும் 15 நாளில் திருப்பித் தர வேண்டும். கையெழுத்துப் போட விற்பவர் தயங்கினால், தகவல் உரிமை மனுவுக்கான பதில் வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை.