வழக்கில்லாமல் காணி ஏலம் போகுமா?

கேள்வி: அரிசி ஆலைக்காக வீட்டுக் காணியை ஈடு வைத்து வங்கியில் 30 இலட்சம் கடன் எடுத்தோம். தவணை பிந்திவிட்டது. வழக்கே போடாமல் ஏலம் விடலாம் என்கிறார்களே?
— வாசகி, தேற்றாத்தீவு

பதில்: பயப்படாதீர்கள், சகோதரி. அவர்கள் சொல்வது பராட்டே முறையை. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்தாலே வங்கி ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்கலாம். கடன்பட்டவரின் நியாயத்தை நீதிபதி கேட்காமலே காணி பறிபோகும் இந்த ஏற்பாடு கொடியது என்றே நான் நினைக்கிறேன். பொருளாதார நெருக்கடியில் நொடிந்த தொழில்களுக்காக 2024இல் பாராளுமன்றம் அதை இடைநிறுத்தியது. அந்த நிறுத்தமும் 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது.

ஆனால் எடுத்த முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவென்றால் பராட்டே கூடாது என்று 2011இல் திருத்தம் வந்தது. உங்கள் கடன் அதற்குள் அடங்கும். வட்டி ஏறி நிலுவை பெருத்தாலும், பார்ப்பது எடுத்த முதலைத்தான்.

ஆகவே வங்கி நீதிமன்றம் போக வேண்டும். அங்கேதான் கவனம் தேவை. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தில் வழக்குப் போட்டால், உங்களைக் கேட்குமுன்பே நிபந்தனைத் தீர்ப்பு வரும். அதை எதிர்க்க, சத்தியக்கடதாசியுடன் அனுமதி கேட்க வேண்டும்; தவறினால் தீர்ப்பு உறுதியாகிவிடும்.

நீதிமன்றக் கடிதம் வந்தால் அன்றே சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். வசதியில்லையென்றால் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.