தங்கைக்கு ஒரு கட்டுரைப் பாடம்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, வரலாற்று மன்றத்திற்காக ‘நார்ஸ் புராணக் கதைகள்’ என்னும் தலைப்பில் இரண்டு பக்கக் கட்டுரை எழுத வேண்டும் என்று எங்களிடம் வந்தாள். அவள் நோட்டில் ஒடின், தோர், லோகி, ஃபிரேயா என இருபது பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி. “அக்கா, இதை வரிசையாக எழுதிவிட்டால் கட்டுரை ஆகிவிடும் அல்லவா?” என்று கேட்டாள். ஆகாது என்றோம். ரேஷன் கார்டிலும்தான் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அதை யாரும் கட்டுரை என்று சொல்வதில்லை.

அவளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலில், யாருடைய கதை என்று தெரிய வேண்டும். இன்றைய நார்வே, டென்மார்க், ஸ்வீடன், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் வாழ்ந்த பழைய மக்களின் கதைகளே இவை. அவர்கள் வணங்கிய தேவர்கள் நமக்கு முற்றிலும் புதியவர்களும் அல்லர். ஆங்கிலத்தில் நாம் சொல்லும் டியூஸ்டே டீரின் நாள். வென்ஸ்டே ஒடினின் நாள். தர்ஸ்டே தோரின் நாள். ஃபிரைடே ஒடினின் மனைவி ஃபிரிக்கின் நாள். ஆங்கிலேயரின் முன்னோரும் இதே தேவர்களைச் சற்று மாறிய பெயர்களில் வணங்கியதால் இவை நம் காலண்டர் வரைக்கும் வந்துவிட்டன. இதைக் கட்டுரையின் முதல் வரியாக வைக்க அவளுக்கு ஆசை. எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள், நீ நடுவில் எங்காவது வை என்றோம்.

அடுத்தது, கதையை எழுதி வைத்தது யார்? இங்கே நாங்கள் சற்று நேரம் நின்றோம். ஏனென்றால் தங்கையின் மனத்தில் ஒரு தயக்கம் இருந்தது. “நாம் வணங்காத தேவர்களைப் பற்றி நான் எழுதினால் சிஸ்டர் கோபித்துக்கொள்வார்களா, அக்கா?” என்று மெல்லக் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். அதற்கு விடை ஐஸ்லாந்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. கி.பி. 1000-ஐ ஒட்டி அந்நாட்டு மக்களின் பொதுச் சபையில் பழைய சமயத்தாருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே பெரும் பிளவு ஏற்பட்டது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு சட்டம் உரைப்போரான தோர்கெய்ர் என்பவரிடம் வந்தது. அவர் பழைய சமயத்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையைப் போர்த்திக்கொண்டு யாரோடும் பேசாமல் படுத்திருந்தார். பிறகு எழுந்து, நாட்டுக்குச் சட்டம் ஒன்றே இருக்க வேண்டும், எல்லாரும் திருமுழுக்குப் பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தார். நாடு கிறிஸ்தவ நாடாயிற்று.

இது நடந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1220 வாக்கில், ஸ்நோரி ஸ்டர்லூசன் (1179 – 1241) என்னும் ஐஸ்லாந்துத் தலைவர் ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் ‘எட்டா’. (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கைக்கு எட்டும் நூல்தான்.) ஸ்நோரி ஒரு கிறிஸ்தவர். கவிதை கற்க விரும்பும் இளைஞருக்குப் பாடநூலாகவே இதை எழுதினார். அந்நாட்டுக் கவிஞர்கள் பொன்னைப் பொன் என்று சொல்லாமல் ‘சிஃபின் கூந்தல்’ என்பார்கள். தோரின் மனைவி சிஃபின் கூந்தலை லோகி வெட்டிவிட, குள்ளர்கள் அவளுக்குப் பொன்னால் கூந்தல் செய்து கொடுத்த கதை தெரியாதவருக்கு அந்தப் பாட்டு எப்படி விளங்கும்? கதைகள் மறைந்தால் பாட்டும் மறையும் என்று ஸ்நோரி கண்டார். கிறிஸ்தவர்கள் இத்தேவர்களை நம்பலாகாது, ஆனால் இக்கதைகளை மறந்து விடவும் கூடாது என்ற கருத்தைத் தம் நூலிலேயே எழுதி வைத்தார்.

அவர் சான்று காட்டிய பழம்பாடல்கள் பல அடங்கிய ஓர் ஏட்டுச் சுவடியும் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்டது. இன்று 45 ஏடுகளே எஞ்சியுள்ளன. 1643-இல் அது பிரைன்யோல்ஃபர் என்னும் பேராயரின் கைக்கு வந்தது. அவர் அதை 1662-இல் டென்மார்க் அரசருக்கு அனுப்பினார். 1971 ஏப்ரல் 21-ஆம் நாள் அது கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தபோது ரெய்க்யாவிக் துறைமுகத்தில் மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். ஒரு பழைய புத்தகத்திற்காக இத்தனை கூட்டம்! இதைக் கேட்ட பிறகு தங்கையின் தயக்கம் போயிற்று.

இனிக் கட்டுரை. இருபது பெயர்களில் பத்தொன்பதை விட்டுவிடு என்றோம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், இரண்டு மாலை உட்கார்ந்து சேர்த்தவை. ஆனாலும் நாங்கள் விடவில்லை. ஒரே ஒரு கதையை எடு, அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேள், இரண்டு பக்கத்திலும் அதற்கு விடை தேடு என்றோம். அவள் டீரும் ஓநாயும் கதையை எடுத்தாள்.

ஸ்நோரி சொல்லும் கதை இது. லோகியின் மகன் ஃபென்ரிர் என்னும் ஓநாய். தேவர்கள் அதைத் தங்கள் இடத்திலேயே வளர்த்தார்கள். அதன் அருகில் போய் உணவு வைக்க டீர் ஒருவருக்கே துணிவு இருந்தது. ஓநாய் நாளுக்கு நாள் வளர்ந்தது. இதனால் நமக்குக் கேடு வரும் என்று குறிகள் கூறின. தேவர்கள் இரண்டு தளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, உன் பலத்தைச் சோதித்துப் பார் என்று பூட்டினார்கள். ஓநாய் இரண்டையும் அறுத்தெறிந்தது. பிறகு குள்ளர்களைக் கொண்டு மூன்றாவது தளை செய்வித்தார்கள். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறும் சேர்ந்தது அது. பட்டு நாடா போல் மெல்லியதாக இருந்தது.

ஓநாய்க்குச் சந்தேகம் வந்தது. இதை உன்னால் அறுக்க முடியாவிட்டால் நாங்களே அவிழ்த்து விடுவோம் என்று தேவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அப்படியானால் உங்களில் ஒருவர் பிணையாக என் வாயில் கையை வையுங்கள் என்றது ஓநாய். தேவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீர் முன்வந்து தம் வலக்கையை அதன் வாயில் வைத்தார். ஓநாய் திமிறத் திமிறத் தளை இறுகிற்று. எல்லாரும் சிரித்தார்கள். டீர் சிரிக்கவில்லை, அவர் கை போய்விட்டது.

“கெட்ட ஓநாயை நல்ல தேவர்கள் கட்டினார்கள்” என்று தங்கை முதலில் எழுதினாள். கட்டிய நாள்வரை அந்த ஓநாய் என்ன கெடுதி செய்தது, காட்டு என்று கேட்டோம். கதையை மறுபடியும் படித்தாள். ஒன்றும் இல்லை! செய்யப் போகிறது என்ற குறி மட்டுமே இருந்தது. அப்படியானால் தேவர்கள் செய்தது சரியா? இங்கே எங்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. உலகத்தைக் காக்க வேறு வழி ஏது என்றனர் சிலர். அவிழ்ப்போம் என்று சொல்லிவிட்டு அவிழ்க்காமல் இருப்பது பொய்தானே என்றனர் மற்றவர். நாங்கள் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தங்கைக்கு எழுத ஒரு கேள்வி கிடைத்துவிட்டது: வாக்குத் தவறிய கூட்டத்தில் டீர் யார் பக்கம்?

அவள் இப்படி எழுதினாள்: “டீர் ஏமாற்றப்படவில்லை. தளை அறாது என்று தெரிந்தேதான் கையை வைத்தார். பொய்யில் எல்லாருக்கும் பங்கு இருந்தது. விலை கொடுத்தவர் அவர் ஒருவரே. அதுவும் தாம் உணவு கொடுத்து வளர்த்த வாய்க்கே கொடுத்தார்.” இந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மீதியெல்லாம் சிறு விஷயங்கள். “ஸ்நோரி கூறுகிறார்” என்று எழுது; நேரில் பார்த்தது போல் எழுதாதே. சினிமாவில் தோரும் லோகியும் அண்ணன் தம்பி. பழைய நூல்களில் அப்படி இல்லை. அங்கே லோகி, ஒடினோடு இரத்தம் கலந்து உறவு கொண்டவர். தோருக்கும் அங்கே செந்தாடி. ஓரத்தில் படம் வரைந்தால் வீரர்களின் தலைக்கவசத்தில் கொம்பு வைக்காதே. அந்தக் கொம்பை ஊரெல்லாம் பரப்பியது 1876-இல் ஜெர்மனியில் நடந்த வாக்னரின் இசை நாடகத்தின் உடையலங்காரம்தான். (அவள் முன்னமே கொம்பு வரைந்திருந்தாள். ரப்பரால் அழித்த இடம் இன்னும் தெரிகிறது.)

முடிவுக்கு ஒரு பழமொழி வேண்டும் என்று நெடுநேரம் தேடினாள். வேண்டாம், கதை எங்கே போகிறதோ அங்கே போய் நின்றுவிடு என்றோம். ராக்னரோக் என்னும் இறுதிப் போரில் ஓநாய் கட்டவிழ்ந்து வந்து ஒடினை விழுங்குகிறது. ஒடினின் மகன் விதார் கனத்த செருப்பணிந்த காலால் அதன் தாடையை மிதித்து வாயைக் கிழித்துக் கொல்கிறார். மக்கள் செருப்புத் தைக்கும்போது வெட்டி எறியும் தோல் துண்டுகளைக் காலங்காலமாகச் சேர்த்துச் செய்த செருப்பு அது என்கிறார் ஸ்நோரி. டீர், கார்ம் என்னும் நாயோடு போரிட்டு, அதைக் கொன்று தாமும் மடிகிறார். இவ்வளவையும் தங்கை நான்கு வரியில் எழுதி, அடியில் ஒரு வரி சேர்த்தாள்: “அன்றும் அவருக்கு ஒரு கைதான் இருந்தது.”

சரியாக இரண்டு பக்கம் வந்தது.