தீப்புண்ணுக்குப் பத்தியம் வேண்டாம்



தீக்காயம் பட்டவர்களுக்காக ஜெபிக்கப் போகிற நாங்கள், இப்போதெல்லாம் முதலில் கட்டிலடியில் இருக்கும் தூக்குச்சட்டியைத்தான் பார்க்கிறோம். உள்ளே பெரும்பாலும் அரிசிக் கஞ்சிதான் இருக்கும். முட்டை, மீன், பருப்பு கொடுத்தால் புண் சீழ் வைக்கும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் நம்புகிறார்கள். கரையான்சாவடியில் ஒரு மாமியார், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மருமகளுக்கு அப்படித்தான் பத்தியம் வைத்திருந்தார். அன்பினால் செய்ததுதான், ஆனால் மருமகள் மெலிந்துகொண்டே போனாள், புண்ணும் ஆறவில்லை.

பெரிய தீக்காயம் பட்ட உடல், காய்ச்சல் இல்லாதபோதும் அடுப்பைப்போல் எரிபொருளைச் செலவழிக்கிறது. புண் வழியே புரதமும் கசிந்துவிடுகிறது. சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 30 சதவீதம் தீக்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் கர்ரேரி கணக்கின்படி எடையை 25 ஆலும், காய சதவீதத்தை 40 ஆலும் பெருக்கிக் கூட்டினால் நாளொன்றுக்கு 2,450 கலோரி வருகிறது. இது சிலருக்குச் சற்று அதிகம் என்பதால் நிலைமையைப் பார்த்துக் குறைப்பார்கள். புரதமோ 75 முதல் 100 கிராம் வரை வேண்டும். சாதாரண நாளில் 40 கிராம் அளவே போதும். மூன்று முட்டை, அரை லிட்டர் பால், 100 கிராம் பொட்டுக்கடலை சேர்ந்தால் ஏறக்குறைய 55 கிராம் கிடைக்கும். மீதி பருப்பிலும் சோற்றிலும் வரும்.

சூரைச்செடியின் கீழ் சோர்ந்து கிடந்த எலியாவுக்குத் தூதன் முதலில் அடையும் தண்ணீரும்தானே கொடுத்தான்!

நம் சென்னைப் புழுக்கத்தில் வேறு சங்கடங்களும் உண்டு. எல்லாருக்கும் வியர்க்கிறதே என்று மின்விசிறியை நோயாளி மேல் திருப்பிவிடுகிறார்கள். ஈரப் புண்ணில் காற்றுப்பட்டால் உடல் குளிர்ந்துபோகும். சூடேற்றிக்கொள்ள இன்னும் கலோரி செலவாகும். அறை 28 டிகிரிக்குக் குறையாமல் இருப்பதே நல்லது. தோல் ஒட்டுப்போட்ட இடத்தில் வியர்வை சரியாகச் சுரக்காது. ஆகவே வெயிலில் உடல் சூடு எளிதில் ஏறிவிடும். மோர் கொடுக்கலாம். இளநீரை மட்டும், சிறுநீரகம் தாங்குமா என்று மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். குழாய் வழியே ஊற்றும் வீட்டுக் கஞ்சியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் காய்ச்சுங்கள். காலையில் காய்ச்சியது மத்தியானத்துக்கு ஆகாது.

அந்த மாமியாரிடம் எங்கள் செவிலியர் இரண்டு நாள் பேசினார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாம் நாள் நாங்கள் போனபோது தூக்குச்சட்டியின் மேல்தட்டில் வழக்கமான ரசம் சாதம். அடித்தட்டில் அவித்த முட்டை இரண்டு.