மீன் குஞ்சுகளைச் சேதமின்றிக் கொண்டுவந்து குளத்தில் விடும் முறை

குளம், பண்ணைக்குட்டை முதலியவற்றில் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டை இன மீன்களை வளர்க்கும் குடியானவர்கள் பலர், குஞ்சுகளை விலை பேசுவதில் காட்டும் ஜாக்கிரதையை அவற்றைக் கொண்டுவருவதில் காட்டுவதில்லை. வழியில் நலிந்த குஞ்சு, குளத்தில் விட்ட ஓரிரு நாளில் மடிந்து அடியில் தங்கிவிடும்; கரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாது. இல்லாத மீனுக்கு மாதக்கணக்கில் தவிடும் பிண்ணாக்கும் இட்டபின், வலை இழுக்கும் நாளிலேயே நஷ்டம் வெளியாகும்.

சேதத்தின் காரணங்கள்

அடைபட்ட ஜலத்தில் குஞ்சுகள் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. அவற்றின் கழிவினால் அம்மோனியா சேர்கிறது. உஷ்ணம் ஏற ஏற, குஞ்சுகளுக்கு வேண்டிய பிராணவாயு அதிகமாகும். ஜலத்தில் கரைந்து நிற்கும் பிராணவாயுவோ குறையும். ஆகையால் வெயிலே முதற்பகை.

புறப்படுமுன்

இரை உண்ட குஞ்சுகளை உடனே அடைத்தல் கூடாது. ஒரு நாள் முழுதும் இரையின்றித் தெளிந்த ஜலத்தில் வலைத் தொட்டிலில் வைத்திருந்தால் குடல் காலியாகி, வழியில் ஜலம் கெடுவது குறையும். செதில் உதிர்ந்தவற்றையும் சோர்ந்தவற்றையும் நீக்கிவிட வேண்டும்.

பையில் அடைத்தல்

முற்காலத்தில் வங்காளத்தில் ஆற்றுக் குஞ்சுகளை மண்பானைகளில் இட்டு, வழி நெடுகப் பானையை அசைத்துக்கொண்டே கொண்டுசெல்வர், சேதம் மிகுதி. இப்பொழுது பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு ஜலமும் இரண்டு பங்கு பிராணவாயுவும் நிரப்பி, வாயை இறுகக் கட்டி, தகர டின்னிலோ அட்டைப் பெட்டியிலோ வைக்கின்றனர். 16 முதல் 18 லிட்டர் கொள்ளும் பையில் 12 மணி நேரப் பயணத்திற்கு, 3 சென்டிமீட்டர்க் குஞ்சானால் 200 முதல் 1,000 வரையும், 7 சென்டிமீட்டர்க் குஞ்சானால் 25 முதல் 100 வரையும் அடைக்கலாம். கோடையிலும் தூரப் பயணத்திலும் குறைந்த தொகையே உத்தமம். பை மிச்சப்படுத்தி மீனை இழப்பது லாபமாகாது.

வழியில்

இரவிலோ விடியற்காலையிலோ பயணம் செய்க. பெட்டிகளின்மேல் நனைந்த சாக்கு போர்த்துக. குஞ்சுகளைப் பார்க்கும் ஆவலால் வழியில் பையைத் திறக்கலாகாது. திறந்தால் பிராணவாயு போய்விடும். அன்றியும், கரியமிலவாயு சேர்ந்து சற்றே புளித்த ஜலத்தில் அம்மோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். பை திறந்து கரியமிலவாயு வெளியேறியதும் அவ்விஷம் ஓங்கும்.

குளத்தில் விடுதல்

வெயில் ஏறுமுன்னோ, மாலையிலோ விட வேண்டும். கட்டு அவிழ்க்காமலே பையைக் குளத்து ஜலத்தில் 15 முதல் 20 நிமிஷம் மிதக்கவிட்டால், இரண்டின் உஷ்ணமும் ஒத்துவரும். பின்னர்த் திறந்து, தாமதியாமல் குளத்து ஜலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பையின் வாயைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமே நீந்திச் செல்லும். உயரத்திலிருந்து கொட்டுவது தவறு. இந்த அரைமணிப் பொறுமையின்மையால் இரவெல்லாம் பட்ட சிரமம் வீணாவதுண்டு.

நன்னீர் இறால்

இறாலுக்கும் முறை இதுவே. ஆயினும், தோல் உரித்த இறாலை மற்றவை தின்றுவிடும். குஞ்சுகள் பற்றிக்கொண்டு விலகியிருக்கப் பையினுள் வலைத்துண்டுகள் இடுவது நலம். பெரிய இறாலின் தலைமுள் பையைத் துளைக்குமாதலால் இரட்டைப் பை அவசியம்.

பிழைத்தவற்றை அறிதல்

விடும்பொழுதே 100 குஞ்சுகளை எண்ணி, அதே குளத்தில் கட்டிய வலைத் தொட்டிலில் தனியே விட்டு, மறுநாள் அந்நேரத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். உதாரணமாக, 60 உயிருடன் இருந்தால், வாங்கிய 10,000 குஞ்சுகளில் ஏறக்குறைய 6,000 மட்டுமே மிஞ்சின என்று கொள்ளலாம். குறைந்ததை அப்போதே ஈடுசெய்து, இருக்கும் மீனுக்குத் தக்கபடி தீனி இடலாம். ஊர்ப் பொதுக்குளங்களில் குஞ்சு விடும்பொழுது கிராம அதிகாரிகள் இவ்வெண்ணிக்கையை நேரில் கண்டு, வாங்கிய தொகையோடு பிழைத்த தொகையையும் கணக்கில் பதிந்துவைத்தால், பின்னர்க் குத்தகைதாரருக்கும் ஊராருக்கும் வழக்கு நேராது.