நாய்க்கும் நீரிழிவு நோய்

எங்கள் வீட்டு நாய் ராணி ஓயாமல் தண்ணீர் குடித்தது. நன்றாகத் தின்றும் இளைத்தது. வெயிற்காலந்தானே என்று இரண்டு மாதம் இருந்துவிட்டோம். கால்நடை மருத்துவர் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்து, "நீரிழிவு" என்றார்.

கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் ஹார்மோன் குறைந்தால், இரத்தத்திலுள்ள சர்க்கரை உடலுக்குப் பயன்படாமல் சிறுநீரில் வெளியேறும். மனிதர் உண்ணும் சர்க்கரை மாத்திரைகள் நாய்களுக்குப் பெரும்பாலும் உதவா, ஊசிதான் வழி.

காலை 7 மணி, மாலை 7 மணி. முதலில் அளந்த உணவு, பிறகு ஊசி. இன்சுலின் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு, 100 அலகு என இரு வகையாக விற்கிறது. அதற்குரிய ஊசிக்குழலையே வாங்க வேண்டும். மாறினால் மருந்தின் அளவு இரண்டரை மடங்கு மாறிவிடும்!

ஒருநாள் மாலை ராணி உண்ணவில்லை. நாங்களோ வழக்கம்போல் முழு ஊசியையும் போட்டுவிட்டோம். இரவு 10 மணிக்கு, நாங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கையில், அது தள்ளாடி விழுந்து நடுங்கியது. சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது. அப்பா அதன் ஈறுகளில் தேனைத் தடவினார். மெல்ல எழுந்து நின்றது. அம்மா அழுதுவிட்டார்கள். அன்றுமுதல், ராணி உண்ணாத வேளையில் மருத்துவரைக் கேளாமல் ஊசியைத் தொடுவதில்லை.

1921ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களிடமே இம்மருந்தைச் சோதித்தனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. நாய்களால் மனிதருக்குக் கிடைத்த மருந்தை, இன்று மனிதரின் மருந்துக்கடையிலிருந்து ராணிக்கு வாங்கி வருகிறோம்.

அதன் கண்களில் இப்போது புரை படர்ந்துவிட்டது. ஆகவே வீட்டுச் சாமான்களை நாங்கள் இடம் மாற்றுவதில்லை. ஆயினும் 7 மணிக்குத் தட்டின் ஓசை கேட்டால் தானே வந்து நிற்கிறது.