படம் ஏன் மங்குகிறது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இன்று ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தில் விரல் நீளத்தில் ஒரு ஸ்டிக் செருகப்பட்டிருப்பதையோ, பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஓர் ஆண்ட்ராய்டு பெட்டி இருப்பதையோ காண்கிறோம். இணையத்தின் வழியே வரும் படத்தைத் திரையில் காட்டுவது இதன் பணி. ஆனால் மாலை ஏழு மணிக்கு மேல் பல வீடுகளில் எழும் குரல் ஒன்றே: “படம் மங்குது, ரவுண்டு சுத்துது!” இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்தும் ஒன்றே: “பெரிய பிளானுக்கு மாறுங்கள்.”

நோயை அறியாமல் மருந்து கொடுப்பது முறையாகுமா? மாதம் 200 ரூபாய் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 2,400 ரூபாய். நாட்கூலி வாங்கும் குடும்பத்தில் இது சிறு தொகையன்று. அதைச் செலவிட்டும் படம் தெளியாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? மேலும், திரைப்படம் பார்ப்போர்க்கு மட்டும் உரிய குறையன்று இது. நம்மில் பலர் என்.பி.டி.இ.எல். விரிவுரைகளை இந்தத் திரையில்தான் பார்க்கிறோம். கரும்பலகையில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று தெரியாவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் வீண். ஆகவே இக்குறையை ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்சுற்றைச் சோதிப்பது போலச் சோதிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்; மாற்றிய பின் அளந்து பார்க்க வேண்டும்.

படம் எவ்வாறு வருகிறது?

முதலில் ஒரு சிறு கணக்கு. முழு எச்.டி. படம் என்பது 1920 × 1080 புள்ளிகள். அதாவது ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள். நொடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 124 கோடி பிட்டுகள் வருகின்றன! எந்த வீட்டு இணைப்பு இதைத் தாங்கும்? ஆனால் யூடியூப் நிறுவனம் முழு எச்.டி. படத்திற்கு நொடிக்கு 5 மெகாபிட், அதாவது 50 இலட்சம் பிட் போதும் என்கிறது. ஏறக்குறைய 250-இல் ஒரு பங்கு. மீதி எங்கே போயிற்று?

சுருக்கப்பட்டுவிட்டது. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது ஒரு வழி. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பல அதிர்வெண்களின் கூட்டாக எழுதி, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத உயர் அதிர்வெண்களைத் தள்ளிவிடுவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிக்கு அடிப்படையான கணித முறையை 1974-இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகிய மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். இவ்வாராய்ச்சிக்கு அவர் 1972-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பொருளுதவி கேட்டபோது, கருத்து மிக எளிமையானது என்று மறுத்துவிட்டார்களாம்! இன்று உலகில் ஓடும் படங்களில் பெரும்பகுதி அந்த எளிய கருத்தின் வழிவந்த முறைகளால்தான் ஓடுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உயர் அதிர்வெண் என்றால் படத்தில் கூர்மையான விளிம்பு. ஒரு நடிகரின் கன்னம் மெல்ல மெல்ல நிறம் மாறுவது. அதற்குத் தாழ் அதிர்வெண்களே போதும். சுண்ணக்கட்டியால் எழுதிய கோடோ முழுவதும் விளிம்பு. ஆகவே பிட்டுகள் குறையும்போது முகம் பிழைத்துக்கொள்கிறது. எழுத்துகளின் காலடியில் நிற்கும் சிறு எண்கள்தாம் முதலில் மாய்கின்றன. பிட்டுகள் இன்னும் குறைந்தால் கட்டங்களின் எல்லைகளே வெளியில் தெரிகின்றன. “படம் கட்டம் கட்டமா வருது” என்று வீட்டில் சொல்வது இதைத்தான்.

இனி, படம் ஒரே ஓட்டமாக வருவதில்லை. சில நொடிகள் அளவுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் வழங்கியில் வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஸ்டிக் ஒவ்வொரு துண்டையும் கேட்கும்போது, முந்தைய துண்டு எவ்வளவு விரைவில் வந்தது என்று பார்த்துத் தரத்தைத் தேர்ந்துகொள்கிறது. வந்த துண்டுகளை ஓர் இடைச்சேமிப்பில் நிரப்பி அதிலிருந்து காட்டுகிறது. நகராட்சிக் குழாயில் நீர் வரும்போது மாடித் தொட்டியில் நிரப்பிக்கொண்டு நாள் முழுவதும் புழங்குகிறோமல்லவா, அதைப் போல. குழாயில் வரத்துக் குறைந்தால் ஸ்டிக் சிக்கனம் பிடித்துத் தரத்தைக் குறைக்கிறது, படம் மங்குகிறது. தொட்டியே வற்றினால் படம் நின்று வட்டம் சுற்றுகிறது.

எது எந்த நோய்?

இப்போது அறிகுறிகளைப் பிரித்தறியலாம். படம் மங்குவதும் வட்டம் சுற்றுவதும் வரத்துக் குறைவின் அறிகுறிகள். ஒலி தடையின்றி வர, படம் மட்டும் வெட்டி வெட்டி ஓடினால் வரத்து நன்றாகவே இருக்கலாம். சுருக்கத்தை விரிக்கும் சிப் திணறுகிறது என்று ஐயப்பட வேண்டும். திரையில் வெண்புள்ளிகள் மின்னுவதோ, ஒரு நொடி கருமையாகி மீள்வதோ எச்.டி.எம்.ஐ. கம்பியின் அல்லது அது செருகப்பட்ட துளையின் கோளாறு. இக்கம்பி கெட்டால் படம் ஒருபோதும் மங்காது. ஏனெனில் தரத்தைக் குறைக்கும் வேலை அதற்குத் தெரியாது. “எச்.டி.எம்.ஐ. கம்பி நல்லதாப் போட்டா படம் தெளியும்” என்று கடைகளில் சொல்வதை நம்பி விலையுயர்ந்த கம்பி வாங்க வேண்டியதில்லை.

ஐயம் தீர இரண்டு எளிய சோதனைகள் உண்டு. பெட்டியில் யூ.எஸ்.பி. துளை இருந்தால், பென்டிரைவில் ஒரு நல்ல படத்தை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் திரை, கம்பி, சிப் மூன்றும் குற்றமற்றவை. குற்றவாளி இணைய வழியில்தான் இருக்கிறான். இரண்டாவது, யூடியூபின் அமைப்புப் பட்டியலில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. பெயர் வேடிக்கையானது; அது தரும் எண்கள் வேடிக்கையல்ல. அதில் இடைச்சேமிப்பில் எத்தனை நொடிப் படம் இருக்கிறது என்பதும், எத்தனை படங்கள் காட்டப்படாமல் விடுபட்டன என்பதும் தெரியும். முதல் எண் இறங்கிக்கொண்டே போனால் வரத்துக் குறைவு. முதல் எண் நிறைந்திருக்க இரண்டாவது எண் ஏறிக்கொண்டே போனால் சிப்பின் இயலாமை. ஐந்து நிமிடம் இவ்விரண்டையும் பார்த்தால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

கடைசிப் பத்தடி

வரத்துக் குறைவு என்று தெரிந்தவுடன் இணைப்புக் கொடுத்தவரைக் குறை கூறுவது வழக்கம். ஆனால் தெருக் கம்பத்திலிருந்து வீடு வரை ஒழுங்காக வந்த வரத்து, மோடத்திலிருந்து தொலைக்காட்சி வரையுள்ள கடைசிப் பத்தடியில் சிந்திப்போவதே மிகுதி என்று நான் கருதுகிறேன். இது நம் பாடத்திலுள்ள மின்காந்த அலைகளின் கதை.

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைப்பட்டைகளில் இயங்குகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12.5 செ.மீ. மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் 6 செ.மீ. திறந்தவெளியில் அலையின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும். தொலைவு இரண்டு மடங்கானால் செறிவு கால் பங்கு. வீட்டில் இதற்குமேல் செங்கற்சுவர் ஒரு பங்கை விழுங்கும். தண்ணீர் டிரம் விழுங்கும். இரும்புப் பீரோ விழுங்காது, திருப்பி அடித்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களில் அதிகம் இழக்கிறது. ஆனால் ஒரே அறைக்குள் மிக விரைவானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களை ஓரளவு தாண்டும். ஆனால் அங்கே நெரிசல் அதிகம். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் குடியிருக்கின்றன. நம் நாட்டில் அப்பட்டையில் 13 தடங்கள் உண்டு. ஆனால் தடங்களுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான். ஒரு வைஃபைக்கோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். எனவே 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே ஒன்றன்மேல் ஒன்று விழாதவை. பதினைந்து வீடுகள் சுவரோடு சுவராக நிற்கும் தெருவில், இரவு எட்டு மணிக்கு இந்த மூன்று தடங்களில் எத்தனை பேர் பேசுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

எங்கள் வீட்டு இணைப்பு 40 மெகாபிட். மோடம் வாசல் அறையில், தொலைக்காட்சி உள்ளறையில். இடையே ஒரு செங்கற்சுவர். அதை ஒட்டி ஓர் இரும்புப் பீரோ. படம் மங்குகிறது என்று சொன்னதும், இணைப்புக் கொடுத்தவர் வந்து பார்த்து, “100 பிளான் போட்டுக்குங்கண்ணே, சரியாயிடும்” என்று அப்பாவிடம் சொல்லிச் சென்றார். அப்பா என்னைப் பார்த்தார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. நான் படிப்பது பி.எஸ்ஸி. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். மோடத்தின் அருகில் கைப்பேசியை வைத்து அளந்தேன்: 38. தொலைக்காட்சியின் பின்னால் வைத்து அளந்தேன்: 4. இடையில் நிற்கும் பீரோவுக்கு நாங்கள் எந்தப் பிளான் போட்டிருக்கிறோம் என்பது தெரியாது. 100 ஆக்கினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

பீரோவை நகர்த்த அம்மா ஒப்பவில்லை. அது குபேர மூலையில் நிற்கிறது. ஆகவே மோடத்தை, வயரில் இருந்த மிச்சத்தைக் கொண்டு, பீரோவின் உயரத்திற்கு மேலே ஒரு பலகையில் ஏற்றினேன். அளவு 11 ஆயிற்று. பிறகு, தொலைக்காட்சியின் முதுகோடு ஒட்டிக் கிடந்த ஸ்டிக்கை ஒரு சாண் நீளமுள்ள எச்.டி.எம்.ஐ. இணைப்பு வயரில் மாட்டி வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டேன். தொலைக்காட்சியின் உலோகத் தகடும் அதன் மின்சுற்றுகளின் இரைச்சலும் விலகின. கைப்பேசியையும் அதே இடத்தில் வைத்து அளந்தபோது 19. முழு எச்.டி.க்கு வேண்டியது 5-தானே! அப்பா பிளானை மாற்றவில்லை. கம்பியிலேயே கொண்டுசெல்ல முடிந்தவர்கள் மோடத்திலிருந்து லேன் வயர் இழுத்துவிடுவது இதைவிடச் சிறந்தது; அதற்குச் சுவரும் பீரோவும் ஒரு பொருட்டல்ல.

மற்றவை

சில பெட்டிகளில் கட்டணச் செயலிகளின் படம் மட்டும் என்ன செய்தாலும் 480 வரிகளுக்கு மேல் ஏறாது. யூடியூப் மட்டும் தெளிவாக இருக்கும். இது வரத்துக் கோளாறன்று. அப்பெட்டிக்கு உயர்தரப் படத்தைத் திறக்கும் பாதுகாப்புச் சான்று இல்லை. வாங்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வாங்கிய பின் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. செயலியின் சந்தாவே குறைந்த தரத்திற்கு உரியதாக இருப்பதும், ‘டேட்டா சேவர்’ அமைப்பு போடப்பட்டிருப்பதும் உண்டு. ஸ்டிக்கிற்கு மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து எடுப்பவர்கள், அதனோடு வந்த அடாப்டரை மாட்டிப் பார்க்கலாம், யூ.எஸ்.பி. 2.0 துளையின் நெறிப்படியான அளவு 500 மில்லியாம்பியர்தான், பல ஸ்டிக்குகள் கேட்பது 1 ஆம்பியர். சிப் திணறுவதாகத் தெரிந்தால் முதலில் அது சூடேறாதபடி காற்றோட்டம் கொடுங்கள். பழைய சிப்புகளுக்கு 2013-இல் வந்த எச்.265, 2018-இல் வந்த ஏ.வி.1 போன்ற சுருக்க முறைகளை விரிக்கத் தெரியாது. அதற்கு மருந்து இல்லை, வேறு பெட்டிதான்.

வீட்டுக்கு வெளியே

இத்தனையும் பார்த்த பிறகு, மோடத்தின் அருகிலேயே, முடிந்தால் லேன் வயர் மாட்டிய மடிக்கணினியில், அளந்தும் வேகம் குறைவாக இருந்தால்தான் வெளியே கை நீட்டலாம். மாதக் கடைசியில் மட்டும் குறைகிறதா? ஒதுக்கிய அளவு தீர்ந்து வேகம் இறக்கப்பட்டிருக்கும். 2023 ஜனவரியில் அரசு அகலப்பட்டை என்பதற்கு வகுத்த குறைந்த அளவு 2 மெகாபிட். அதில் 480 வரிப் படம் ஓடும், முழு எச்.டி. ஓடாது. ஒளியிழை வயரை ஆணியில் இறுக்கிச் சுற்றியோ, கதவிடுக்கில் மடித்தோ வைத்திருக்கிறீர்களா? முழு அக எதிரொளிப்பு நிகழ வேண்டுமானால் படுகோணம் மாறுநிலைக் கோணத்தைவிட மிகுந்திருக்க வேண்டும் என்று மேல்நிலை வகுப்பிலேயே படித்தோம். இழை இறுக மடியும் இடத்தில் அந்த நிபந்தனை தவறி ஒளி வெளியே கசிகிறது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள்.

இரவு எட்டு முதல் பத்து வரை மட்டும் குறைந்து, விடியற்காலையில் முழு வேகம் வருமானால் அது தெரு முழுவதற்கும் பொதுவான நெரிசல். இதற்கு வெறும் வாய்ப்பேச்சுப் பயன்படாது. எங்கள் எதிர்வீட்டில் இந்நிலைதான். “ஸ்லோவா இருக்கு” என்று அவர்கள் நான்கு முறை தொலைபேசியில் சொல்லியும் ஒருவரும் வரவில்லை. பிறகு மூன்று நாள்கள், காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு ஒன்பது ஆகிய வேளைகளில் லேன் வயர்வழி அளந்த ஒன்பது எண்களை ஒரு தாளில் எழுதி, அந்த அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஏணியோடு வந்து, தெருமுனைக் கம்பத்தில் அவர்கள் இணைப்பை வேறு கிளைக்கு மாற்றிக்கொடுத்துச் சென்றார்கள்.