மலை மறைத்தால் ட்ரோன் என்ன செய்யும்?

2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளால் கண்டி மாவட்டத்தில் பல குடும்பங்கள் காணியை விட்டு வெளியேறின. விட்டு வந்த தோட்டத்தில் வெடிப்பு விரிகிறதா என்று நேரில் ஏறிப் பார்ப்பது ஆபத்து. ட்ரோன் அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் தெல்தெனியப் பக்கத்து மலைகளில் அது இலேசான காரியமல்ல.

ட்ரோனையும் கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியையும் இணைப்பது 2.4 அல்லது 5.8 கிகாஹேர்ட்ஸ் வானொலி அலை. மலைமுகடு குறுக்கிட்டால் அது அறுந்துவிடும். இதற்காக டிஜேஐ நிறுவனம் மேவிக் 3 போன்ற சில ட்ரோன்களுக்கு 4ஜி துணைக்கருவி தருகிறது. சிம் அட்டையிட்டு ட்ரோனில் பொருத்த வேண்டும்; கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இணையம் வேண்டும். நேர் அலை தளர்ந்தால் கட்டளையும் படமும் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் வழியாகச் சுற்றிப் போகும்.

ஆனால் கோபுர அன்டெனாக்கள் நிலத்திலுள்ளோருக்காகக் கீழே சாய்ந்தவை. உயரப் போன ட்ரோனுக்குப் பல கோபுரங்களின் அலைகள் ஒன்றாகக் கேட்டுக் குழம்பும். மின்சாரமின்றிக் கோபுரம் ஓய்ந்தால் இந்த வழியும் இல்லை. ஆகவே 4ஜியை நம்பிக் காசு செலவழிக்குமுன், ஆபத்தில்லாத எதிர்ச்சரிவில், தோட்டம் நேரே தெரியும் இடத்தில் நின்று பறக்கவிட்டுப் பாருங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும். ட்ரோனைக் கண்பார்வைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டமுங்கூட.

இரண்டு தொடர்பும் போனால் ட்ரோன் வழமையாகத் தானே திரும்பும். திரும்பும் உயரத்தை முகட்டுக்கும் மரங்களுக்கும் மேலாக முன்கூட்டியே குறித்துவிடுங்கள். எடுத்த படத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகளிடம் காட்டுங்கள். திரும்பிக் குடியேறலாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.